கள் ஏற்றிய தோணி

ருக்கோரா குன்று
1977 மார்ச் 6, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தம்பி யோசியாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். இன்று நம் இரட்சிக்கப்பட்டவர்கள் ஐக்கியக் கூட்டத்தில் உன் பெயர் அடிபட்டது. ஏரிக்கு அக்கரையில் வட்டாரத் தலைவரான உன் வீட்டு முற்றத்திலேயே சோளக்கள் காய்ச்சுகிறார்கள், சனிக்கிழமை தோறும் அதைப் பானை பானையாகத் தோணியில் ஏற்றி ராணுவ முகாமுக்கு அனுப்புகிறார்கள் என்று கெசியா எழுந்து சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். "வாயக் கழுவுடி. அவன் என் தம்பி. நானும் அவனும் ஒரே நாள்ல இரட்சிக்கப்பட்டவங்க" என்று எல்லோர் முன்னாலும் அவளை அதட்டினேன். பாவம், அழுதுவிட்டாள்.

"நான் கண்ணால பாத்தேன் அக்கா. உங்க தம்பிதான் தோணிப் பக்கத்துல நின்னு, வைக்கோலை நல்லாப் பரப்புங்கடா, பானை உடைஞ்சிடப் போவுதுன்னு சொல்லிட்டிருந்தாரு" என்றாள்.

பொய் சொல்கிறவளா அவள்? ஐக்கியத்துக்கு அவளைக் கொண்டுவந்தவளே நான்தானே.

யோசியா, இந்தக் கரையில் ஒரு காலத்தில் என்னைப்போல் கள் காய்ச்ச ஆள் கிடையாது. அந்தக் கள்ளைக் குடித்துவிட்டுத்தான் உன் அத்தான் தோணியிலிருந்து விழுந்து செத்தார். அவரை அடக்கம் பண்ணிய வாரமே என் பானைகளையெல்லாம் துறையில் போட்டு உடைத்தேன். நீ பக்கத்தில் நின்று பாடினாய். அந்த வாயா இன்றைக்குப் பானைக்கு வைக்கோல் போடச் சொல்கிறது?

நம் வழக்கம் உனக்குத் தெரியும். வெளியே இருப்பவர்கள் பானையை நாம் தொடுவதில்லை. அது அவர்கள் பாடு. ஆனால் ஐக்கியத்தில் பெயர் உள்ளவன் வீட்டில் கள் இருந்தால் அது நம் எல்லோர் வீட்டுக் கள். கொட்டாமல் விடமாட்டோம். உன் பெயரை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. வருகிற சனிக்கிழமை பெண்களோடு வருகிறேன். அதற்கு முன் நீயே கொட்டிவிட்டால் உனக்கு மரியாதை.

ஒளியில் நடக்கும் உன் அக்கா,
யூனியா


கசெண்டா துறை
மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே தோணிக்காரன் சக்கரியா, "அக்கா ரொம்பக் கோவமா இருக்காங்க ஐயா, கையெழுத்தே குத்துது" என்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சரியாகத்தான் சொன்னான்.

கள் காய்ச்சுவது உண்மை. அனுப்புவதும் உண்மை. கெசியாவை நீ அதட்டியிருக்க வேண்டாம். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஒரே ஒரு விஷயம். இந்தச் சனிக்கிழமை வராதே. அடுத்த மாதம் வா, அதற்கடுத்த மாதம் வா, என்னை நடு முற்றத்தில் நிற்கவைத்துத் திட்டு. இந்தச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம். முகாமில் இருக்கும் பயல்களுக்குக் கள் போனால் அங்கேயே குடித்துவிட்டுக் கிடப்பார்கள். போகாவிட்டால் மேலே ஊருக்குள் ஏறி வருவார்கள். வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெண்ணான உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

காரணம் அது மட்டும்தானா என்று கேட்பாய். கேட்காதே. உன்னிடம் எதையும் சொல்ல முடியாது அக்கா. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லிவிடுவாய். சிறுவயதில் நாம் இரண்டு பேரும் பாதிரியார் தோட்டத்தில் பட்டாணி திருடியதை நீ இரட்சிக்கப்பட்ட அன்று சபை நடுவே சொன்னாயே, உன் பாவத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாயா? என்னையும் கையோடு எழுப்பி நிறுத்தினாய்.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எடுத்துவிட்டால் என் பானையை நீங்கள் தொட முடியாது, பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எழுத வரவில்லை. நான் அங்கே வராவிட்டாலும் என் பெயராவது அங்கே உங்களோடு உட்கார்ந்திருக்கட்டும் என்று இருக்கிறது.

வராதே.

யோசியா


ருக்கோரா குன்று
மார்ச் 13, ஞாயிறு

அன்புள்ள தம்பி,

நேற்று உன் முற்றத்தில் நான் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! பதினோரு பெண்கள் போனோம். பாடிக்கொண்டே பானைகளைச் சாய்த்தோம். மண் குடித்துத் தீரவில்லை. கள் ஓடை மாதிரி துறை வரைக்கும் போனது. உன் ஆட்கள் தடுக்க வந்தபோது நீயே "விடுங்க, அவங்க என் அக்கா" என்று சொன்னாயே, அப்போதே நினைத்தேன், இவன் மனம் இளகிவிட்டது என்று.

ஆனால் உன் முகம் ஏன் அப்படிச் செத்துப்போயிருந்தது? நான் கட்டிப்பிடித்தபோது ஏன் மரம் போல நின்றாய்? களஞ்சியத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கேயும் பானை இருக்கிறதோ என்று கெசியா கேட்டாள். "போதும், கிளம்புங்க" என்றாய். அந்தக் குரலை உன்னிடம் நான் கேட்டதில்லை.

இன்று கூட்டத்தில் உனக்காக ஸ்தோத்திரம் பண்ணினோம். எழுந்து நின்று மனம் திரும்ப அடுத்த ஞாயிறு வா. உன் பெயரை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

ஒளியில் நடக்கும் உன் அக்கா,
யூனியா


கசெண்டா துறை
மார்ச் 15

அக்கா,

படித்து முடித்ததும் இதை அடுப்பில் போடு.

நீங்கள் பாடிக்கொண்டு பானைகளைச் சாய்த்தபோது என் களஞ்சியத்தில் சோள மூட்டைகளுக்குப் பின்னால் எனோக்கா வாத்தியார் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் ராணுவத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார் என்று அவரைத் தேடிக்கொண்டிருந்தார்களே, அவரேதான். சாலை முழுக்கச் சோதனை. எல்லை தாண்ட ஏரிதான் வழி. ஏரியில் அவர்கள் சோதிக்காத தோணி ஒன்றே ஒன்று. அவர்களுக்குக் கள் கொண்டுபோகும் தோணி.

பானைக்கு அடியில் வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் ஆள். முகாம் துறையில் சக்கரியா பானைகளை இறக்கிக் கொடுப்பான். அவர்கள் உடனே பானையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவன் கோரை வெட்டப் போகிறவன் மாதிரி முனையைச் சுற்றிக்கொண்டு எல்லைப் பக்கம் போவான். கிறிஸ்துமஸிலிருந்து இப்படித்தான் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். என் வட்டாரத்து ஜனங்கள் அக்கா. நான் அவர்களுக்குத் தலைவன். வரி வசூலிக்க மட்டுமா என்னை வைத்தார்கள்?

சனிக்கிழமை கள் போகவில்லை. நான் பயந்தது போலவே மதியத்தில் மேலே ஏறி வந்தார்கள். "எங்கடா எங்க கள்ளு?" என்று சார்ஜென்ட் கத்தினான். என் அக்கா கொட்டிவிட்டாள் என்றேன், நம்பவில்லை. ஒளித்து வைத்திருக்கிறேன் என்று வீட்டைப் புரட்டினார்கள். கள் பானையைத் தேடித்தான் களஞ்சியத்தைத் திறந்தார்கள்.

"இது யாரு?" என்றான். வாத்தியாரே பேசினார். "திருட வந்தேன் ஐயா. சோளம் திருட வந்தேன். பசி" என்றார். என் முகத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன், எல்லாம் வெளியே வந்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"உன் வீட்டுத் திருடன்தானே, நீயே அடி" என்று சார்ஜென்ட் சிரித்தான். அடித்தேன். என் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிதரை, திருட்டு நாயே என்று கத்திக்கொண்டே அடித்தேன். முகாமுக்குக் கொண்டுபோன பிறகு எவனோ அடையாளம் கண்டுவிட்டான். ஞாயிறு காலை, நீங்கள் எனக்காக ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டிருந்த நேரம், முகாமுக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது.

அவர் மனைவி யெருசாவும் இரண்டு பிள்ளைகளும் ஏரித் தீவில் ஒரு மீன்பிடிக் குடிசையில் இருக்கிறார்கள். அவர்களையும் தேடுகிறார்கள். அவர்களைக் கரை சேர்க்க வேண்டும்.

இதை நீ கூட்டத்தில் சொல்லக்கூடாது. மனம் குத்தும். குத்தட்டும். உங்கள் முன்வரிசையில் போலீஸ்காரன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மறக்காதே. நீ வாயைத் திறந்தால் ஒரு கைக்குழந்தையும் சாகும்.

யோசியா


ருக்கோரா குன்று
மார்ச் 20, ஞாயிறு

யோசியா,

எரிக்கச் சொன்னாய். முடியவில்லை. மடித்து மடித்துப் படித்துத் தாள் கிழிந்துவிட்டது. கிழிந்ததையும் வைத்திருக்கிறேன்.

நான்தான் கொன்றேன். என் வாயால் பாடிக்கொண்டே கொன்றேன்.

ஆனால் கேள். பழி முழுவதையும் என் தலையில் மட்டும் கட்டாதே. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாத்தியார் இன்றைக்கு உயிரோடு இருப்பார். போலீஸ்காரன் பெண்டாட்டியைப் போலவா என்னையும் நினைத்தாய்? இதை எழுதிவிட்டு இந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எழுந்து நின்று, என் தம்பி பொய் சொல்லி ஜனங்களைக் காப்பாற்றுகிறான், அவனுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லியிருப்பேன். சொல்லியே இருப்பேன். அதுதான் என்னை இன்னும் கொல்கிறது.

இன்று கூட்டத்தில் எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருத்தி மாமியாரைச் சபித்தாளாம். இன்னொருத்தி பக்கத்து வயல் வரப்பைத் தள்ளிப் போட்டாளாம். அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், கழுவின முகத்தோடு உட்கார்ந்தார்கள். என் முறை வந்தது.

"அக்கா, முகம் வாடிக்கெடக்கே. உள்ள ஏதாச்சும் இருட்டு இருக்கா?" என்று கெசியா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து நான் சொன்ன முதல் பொய். நமக்கு வேறு வழி தெரியாதே தம்பி. பாவத்தை வாய்விட்டுச் சொல்வோம், சொன்னதும் இறங்கிவிடும். சொல்லக்கூடாத பாவத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைப்பது? அதை எனக்கு யார் மன்னிப்பது?

அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் என்ன செய்யப் போகிறாய், எழுது. கடிதத்தின் முடிவில் வழக்கமாகப் போடும் வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

யூனியா


கசெண்டா துறை
மார்ச் 23

அன்புள்ள அக்கா,

போன கடிதத்தில் நான் குரூரமாக எழுதிவிட்டேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால் நீ என் முற்றத்தில் கால் வைத்திருக்க மாட்டாய். நல்லவன் என்ற பெயரை ஒரு விரலாலாவது பிடித்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கும் வாத்தியார் விலை கொடுத்தார். ஆக, பழி இரண்டு பேருக்கும்.

யார் மன்னிப்பது என்று நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது, நான் பாதிரியார் இல்லை. ஆனால் வாத்தியார் திருட வந்தேன் என்று சொன்னதிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் ஆண்டவரை இரண்டு திருடர்களுக்கு நடுவில் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கமாகச் சந்தைக்குப் போனவர்கள், மூன்று திருடர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றுதானே பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்? அவர் உயிரைக் கொடுத்தார் என்று பாடுகிறோம். பெயரையும் கொடுத்தார் அக்கா. அதைப் பாட மறந்துவிட்டோம்.

இப்போது கேட்கக்கூடாததைக் கேட்கப் போகிறேன். இந்தக் கடிதத்தோடு வருகிறவர்களை உள்ளே கூட்டிக்கொள். யெருசா, ஏழு வயதுப் பெண், கைக்குழந்தை. தீவில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். உன் வீட்டில் யாரும் தேடமாட்டார்கள், பொய் சொல்லாதவள் வீடு அது.

அது மட்டுமில்லை. எனக்குக் கள் காய்ச்சிக் கொடுத்தவளைச் சிப்பாய்கள் அடித்துவிட்டார்கள், ஊரைவிட்டே ஓடிவிட்டாள். கள் இல்லாமல் தோணி இல்லை. சார்ஜென்டிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். "எங்க அக்காதான கொட்டுனா? அவளையே காய்ச்ச வெக்கிறேன் பாருங்க, அதான் அவளுக்குத் தண்டன" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அத்தானை நினைத்துப் பார்க்கிறேன். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாயில்லை. கையால் எழுதுகிறேன்.

யோசியா


ருக்கோரா குன்று
ஏப்ரல் 1

அன்புத் தம்பி,

செஞ்சோளத்தைச் சாம்பல் கலந்து ஊறவைத்து வாழையிலை போட்டு மூடினேன். முளை கட்டிவிட்டது. இப்போது காய்கிறது. அந்த வாசனை வீட்டுக்குள் வந்தபோது கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். உன் அத்தான் சட்டையில் இருந்த வாசனை அது.

யெருசாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டாதே. கூட்டத்தில் சொல்லவில்லை, அவளிடம் மட்டும் சொன்னேன். உன் புருஷன் போக வேண்டிய தோணியை நிறுத்தியவள் நான்தான் என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் நான் கொடுத்த கஞ்சியைக்கூடத் தொடவில்லை. மறுநாள் காலை நான் அரைகல்லில் உட்கார்ந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தாள். என் கையிலிருந்த கல்லை வாங்கி முளைச்சோளத்தை அரைக்க ஆரம்பித்தாள். அரைத்துக்கொண்டே, "அவரு ரெண்டு தடவ தும்முவாரு எப்பவும். களஞ்சியத்துல தும்மாம எப்படித்தான் இருந்தாரோ" என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

போலீஸ்காரன் வந்தான். "வாத்தியார் சம்சாரத்த இந்தப் பக்கம் பாத்தீங்களாம்மா? நீங்க சொன்னா அதுக்கு மேல நான் வீட்டப் பாக்க மாட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்" என்றான். நான் அவன் கண்ணைப் பார்த்து, "பாக்கலப்பா" என்றேன். தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனான். இத்தனை வருஷமாகக் கண்ணுங்கருத்துமாகச் சேர்த்துவைத்த நல்ல பெயரை ஒரே வார்த்தையில் செலவழித்துவிட்டேன். அதை வேறு எதற்குத்தான் வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சார்ஜென்ட் எனக்குப் போட்ட தண்டனை தெரிந்து கெசியாவும் மற்றவர்களும் தினமும் வாசலில் நின்று அழுகிறார்கள். "ஜெயிலுக்குப் போவோம் அக்கா, காய்ச்ச மாட்டேன்னு சொல்லுங்க" என்கிறார்கள். கதவைத் திறப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை கள் தயாராகிவிடும். ஒன்று சொல்கிறேன், கேள். அந்தத் தோணியில் நீயும் ஏறு. வைக்கோலுக்கு அடியில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறது. உனக்கு இன்னும் வயது நாற்பதைத் தாண்டவில்லை. உன் பெண்டாட்டி பிள்ளைகள் ஏற்கெனவே மாமனார் ஊரில்தானே இருக்கிறார்கள், அங்கிருந்து பிறகு வரவழைத்துக்கொள்ளலாம். ஏறிவிடு யோசியா.

உன் அக்கா,
யூனியா


கசெண்டா துறை
ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நாளை நகரத்துப் பாசறைக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. வாத்தியார் அத்தனை களஞ்சியங்களை விட்டுவிட்டு என் களஞ்சியத்துக்கு ஏன் திருட வந்தார் என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். இத்தனை நாள் யாரும் யோசிக்காததுதான் ஆச்சரியம்.

நீ சொன்ன இடத்தில் நான் படுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை வரை எங்காவது ஒளிந்திருக்கவும் முடியும். ஆனால் நான் இன்றைக்குக் காணாமல் போனால் நாளைக்கே என் வீடு, என் துறை, என் தோணி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். கள் தோணி என்றால் என்ன என்று தெரிந்துவிடும். யெருசா போக முடியாது, அவளுக்குப் பின்னால் வருகிறவர்களும் போக முடியாது. நான் சிரித்துக்கொண்டே போய் நின்றால், குடிகாரத் தலைவன், முட்டாள், என்று கொஞ்ச நாள் குழம்புவார்கள். அந்தக் கொஞ்ச நாள் போதும்.

பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? தைரியசாலி மாதிரி எழுதுவதெல்லாம் வெறும் எழுத்துதான். உன் கள்ளிலிருந்து ஒரு பானை கேட்டு வாங்கிக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன். இன்னும் புளிக்கவில்லையாம், சக்கரியா சொன்னான்.

நீ கொடுத்த பழுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறேன். கிழிந்த இடத்தில் நீல நூலால் தைத்துக் கொடுத்தாயே, அதேதான். பழுப்பு நூல் கிடைக்கவில்லையா என்று உன்னை எத்தனை கேலி செய்திருப்பேன். இப்போது அந்த நீல நூலைத்தான் விரலால் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

தோணியை நிறுத்திவிடாதே. என்ன நடந்தாலும்.

உன் தம்பி,
யோசியா


ருக்கோரா குன்று
ஏப்ரல் 10, ஈஸ்டர்

என் அன்புத் தம்பி,

இதைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பாசறைக்குள் போகிற ஆள் கிடைக்கும் வரை என்னிடமே இருக்கட்டும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

நேற்று காலை ஏரி முழுக்கப் பனி. துறையில் தோணியை இழுத்துவந்து யெருசாவையும் பிள்ளைகளையும் படுக்கவைத்து, வைக்கோலைப் போட்டு மூடி, பானைகளை அடுக்கினோம். கடைசிப் பானையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது குன்றுமேல் பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த பாட்டு. நான் சொல்லிக்கொடுத்த பாட்டு. கெசியா முன்னால் வர, அத்தனை பெண்களும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க அக்கா. நாங்க கொட்டிடுறோம். உங்கள அடிக்க வந்தா எங்கள அடிக்கட்டும், நாங்க வாங்கிக்கிறோம்" என்று கெசியா சொன்னாள். அவள் கண்ணில் அவ்வளவு அன்பு யோசியா. என்னைக் காப்பாற்ற வந்திருந்தார்கள். நான் உன்னைக் காப்பாற்ற வந்தேனே, அதே முகம்.

"தொடாதீங்க" என்றேன்.

"நம்ம அக்கா வீட்டுக் கள்ளு, எங்க கள்ளு" என்று ஒருத்தி தண்ணீருக்குள் இறங்கித் தோணியின் விளிம்பைப் பிடித்தாள். பானை ஆடியது. வைக்கோலுக்கு அடியில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. சக்கரியா துடுப்போடு கல்லாய் நின்றான்.

நீ எழுத முடியாமல் போன வரியை நான் வாயால் சொன்னேன். "நான் உங்க அக்கா இல்ல. இன்னையோட என் பேர எடுத்துடுங்க. எனக்கும் உங்க ஐக்கியத்துக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. வெளியாள் பானையத் தொட உங்களுக்கு என்ன உரிமை?"

கெசியா நம்பவில்லை. "பயத்துல பேசுறாங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள். குழந்தையின் குரல் ஏறிக்கொண்டே வந்தது. சுரைக்குடுக்கையை எடுத்தேன். பானைக்குள் விட்டு மொண்டேன். அவர்கள் எல்லோரும் பார்க்க, மூச்சுவிடாமல் குடித்தேன். குடித்துவிட்டு, பழைய நாளில் பானையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களே, அந்த அசிங்கப் பாட்டை உரக்கப் பாடினேன். தோணியின் பலகையில் தாளம் தட்டினேன். குழந்தை அழுதது எனக்கே கேட்காத அளவுக்குப் பாடினேன்.

தோணியைப் பிடித்தவள் சூடு பட்டவள் மாதிரி கையை எடுத்துவிட்டாள். கெசியா தன் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். "போயிட்டாங்க, நம்ம அக்கா போயிட்டாங்க" என்று செத்த வீட்டில் அழுவது போல அழுதாள். அவளைத் தாங்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்னால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள என் உடம்பெல்லாம் துடித்தது. தண்ணீரிலேயே நின்று, தோணி பனிக்குள் போகும்வரை பாடிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் சக்கரியா வந்தான். "எறங்கிட்டாங்க அக்கா. அந்தச் சின்னப் பொண்ணு கரையில கால வெச்சதும் குதிச்சிக் குதிச்சிப் பாத்துச்சு, நெலந்தானான்னு" என்றான். சொல்லிவிட்டும் கிளம்பவில்லை. என்னடா என்றேன். முகாமில் சார்ஜென்ட் ஒரு பழுப்புத் தொப்பி போட்டிருந்தானாம். நகரத்திலிருந்து வந்த லாரியில் யாரோ கொண்டுவந்து கொடுத்ததாம்.

"நீல நூல் தையல் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

சக்கரியா துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொப்பி எத்தனையோ தொப்பி இருக்கிறது. நான் இன்னும் ஒன்றும் நம்பவில்லை. நீ வந்து சொல்லும்வரை நம்பமாட்டேன்.

இன்று காலை ஆலயத்துக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வெளியே யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்டேன். உன் பெயரையும் என் பெயரையும் இன்றைக்குச் சேர்த்தே எடுத்தார்கள். என்றைக்காவது ஒரு நாள் இந்தச் சிப்பாய்கள் போவார்கள். அன்றைக்கு அந்த ஆலயத்தின் நடுவில் எழுந்து நின்று வாத்தியார் பெயரையும் உன் பெயரையும் நான் சொல்வேன். அதுவரை இருவரும் வெளியிலேயே இருப்போம், பரவாயில்லை.

கிழக்கேயிருந்து ஒரு மருந்துக்கடைக்காரரும் அவர் தாயாரும் மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். உள்ளறையில் தூங்குகிறார்கள். சோளத்தை ஊறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கள் நன்றாகத்தான் வந்திருந்தது, யோசியா.

ஒளியில் நடக்கும் உன் அக்கா,
யூனியா